முக்காலியின் பிளாஸ்டிக் உறை

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு நாத்தனாருக்குப் புடவை எடுக்க, சேலம் கடைவீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம்; அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு வம்பு வரும்.

இளம்பிள்ளைப் புடவை, 780 ரூபாய். நெசவு நெருக்கம், முந்தியில் பிசிறில்லை, நனைத்தும் சாயம் போகவில்லை. ஆடித் தள்ளுபடி என்பதை மட்டும் நம்பாதீர்கள். சித்திரையிலும் இதே ரகத்தை இதே விலைக்குத்தான் பார்த்தேன். பில் போட இருபது நிமிடம் ஆனது.

ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் போவது மேசைக்குப் பின்னால் முக்காலி இருக்கிறதா என்றுதான். ஒன்பது வருடம் இப்படி ஒரு கடையில் வேலைக்கு நின்றவள் நான். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள்: காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை. மாதவிலக்கு நாளிலும் சுவரில் சாயக் கூடாது, கேமரா பார்க்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதும் வேலையை விட்டேன். அதற்குப் பிறகுதான், 2021 செப்டம்பரில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்றார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது.

இந்தக் கடையிலும் மேசைக்கு ஒரு முக்காலி உண்டு. குனிந்து பார்த்தேன். தரைத்தளத்தில் நான்கு. மூன்றின் மெத்தையில் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. நான்காவதன் மேல் அட்டைப்பெட்டி. மாடியில், ரவிக்கைத் துணிப் பிரிவில் மட்டும் ஒரு பெண் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேலே இருக்கும் சூப்பர்வைசர் அக்கா உட்காரச் சொல்வாராம். கீழே இருப்பவர் முறைப்பாராம்.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள். கல்யாணமான புதிதில், வாங்குகிற சம்பளம் பஸ்ஸுக்கே போகிறது, வீட்டில் இரு என்று மாமியார் நிறுத்திவிட்டாராம். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் மாமியாரிடம் வேறு காரணம் இல்லை, மறுபடி வந்துவிட்டாள். இந்த வேலையில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பாள் என்பது அவள் கால்களைப் பொறுத்தது. கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்றுதான் அவளுக்குப் பயம்.

தேவையில்லாமலே ஒரு மீட்டர் துணி கேட்டேன். வெட்டுவதற்கு எழுந்தாள். "உட்கார்ந்தே வெட்டும்மா, எனக்கு அவசரமில்லை" என்றேன்.

கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. கீழே அந்த உறைகளைப் பிரித்தால் நான்கு.