முதல் துணிப்பைக்கு எந்தத் துணி: காடாவா, கேன்வாஸா, பழைய ஜீன்ஸா?

தையல் பழகுகிறவர்களுக்கு முதல் வேலையாகத் துணிப்பையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கழுத்து இல்லை, கைக்குழி இல்லை, நேர்த்தையல் வந்தால் போதும். ஆனால் எந்தத் துணியில் தைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேலூர் லாங் பஜாரில் பை தைக்கத் துணி தேடினால் ஒரு பக்கம் தறியிலிருந்து அப்படியே வரும் பருத்தித் துணியான காடா, இன்னொரு பக்கம் கனமாக நெருக்கி நெய்த கேன்வாஸ். வீட்டு பீரோவிலோ யாரும் போடாத ஜீன்ஸ் கிடக்கும். நான் காடாவில் தைத்தேன். புதிதாகக் கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

ஜீன்ஸை முதலில் முடித்துவிடலாம். காசு செலவில்லை, துணி உறுதி, பாக்கெட்கூடத் தயாராக இருக்கும். ஆனால் கால் பகுதியைப் பிரித்தால் குறுகலான துண்டுகள்தான் கிடைக்கும். அகலம் வேண்டுமென்றால் ஒட்டுப்போட வேண்டும். மடித்து இரட்டைத் தையல் போட்ட அந்தப் பக்கத் தையலின் மேல் வீட்டு மெஷின் ஏறாது. கார்த்திகை மழையில் துவைத்தால் காய்வதற்குள் வாடை வந்துவிடும். நன்றாகக் கை பழகிய பிறகு ஜீன்ஸ் பை அழகாக வரும். முதல் பைக்கு வேண்டாம்.

கேன்வாஸ் விஷயம் வேறு. பார்த்தாலே ஆசை வரும். பை விறைப்பாக நிற்கும், லேப்டாப் வைத்தால் தொய்யாது, காலேஜ் பிள்ளைகள் விரும்பி மாட்டிக்கொள்வார்கள். 10 அவுன்ஸ் கேன்வாஸ் (ஒரு சதுர கஜத்துக்கு 10 அவுன்ஸ் எடை) ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம் கனம். காடா பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும். பை என்றால் கனமான துணிதானே நல்லது என்று தோன்றும். தைத்து முடித்த பையை மட்டும் பார்த்தால் அது சரிதான். தைக்கிறவர் பக்கம் இருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது.

எல்லாம் கைப்பிடி சேரும் இடத்தில்தான் இருக்கிறது. பையின் வாய்ப்பக்கத்தை அரை அங்குலம் ஒரு மடிப்பு, பிறகு ஒரு அங்குலம் இன்னொரு மடிப்பு மடிக்கிறோம். அங்கே துணி மூன்று அடுக்கு. கைப்பிடியை நான்காக மடித்துத் தைத்தால் அது நான்கு அடுக்கு. இரண்டும் சேர்ந்தால் ஏழு. கைப்பிடியின் முனையை மடிப்புக்குள் செருகி, அதை மேலே திருப்பி அடித்தால் சில இடத்தில் பதினொரு அடுக்கு வந்துவிடும். காடாவில் இந்தப் பதினொன்றும் விரலில் அமுக்கினால் அமுங்கும். கால் மெஷினில் 16-ம் நம்பர் ஊசி போட்டு நிதானமாக மிதித்தால் ஏறிப் போய்விடும். கேன்வாஸில் அதே இடத்தில் மெஷின் நின்றுவிடுகிறது. பெல்ட் நழுவும், சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டியிருக்கும், ஊசி லேசாக வளைந்து தையல் விட்டுப்போகும். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி ஒடியும். பையின் முழுப் பாரமும் தொங்குவது இந்த நாலு இடத்தில்தான். இங்கே தையல் விட்டிருந்தால் மற்ற இடமெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. புதிதாகத் தைக்கிறவர்கள் கைப்பிடியைப் பிரித்துத் தைக்காமல் இருக்க முடியாது. ஒன்று நீளமாகப் போகும், ஒன்று முறுக்கிக்கொள்ளும். காடாவில் பிரித்தால் ஊசி ஓட்டைகள் ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த கேன்வாஸில் ஓட்டை வரிசை அப்படியே தெரியும். தயங்காமல் பிரிக்கலாம் என்ற தைரியத்தைக் காடா கொடுக்கிறது. பழகுகிற காலத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கேன்வாஸில் கைப்பிடிக்குத் துணிக்குப் பதில் கனமான பருத்தி நாடாவை வைக்கலாம். நாடா ஒரே அடுக்கு என்பதால் மெஷின் அவ்வளவு திணறாது. எனக்கு இதில் பழக்கம் குறைவு. தைத்த வரைக்கும் நன்றாகவே இருக்கிறது, வருஷக்கணக்கில் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு இன்னும் பயன்படுத்தவில்லை.

காடாவிலும் ஒரு வேலையைத் தவிர்க்க முடியாது. அது சுருங்கும். தறியிலிருந்து வந்த கஞ்சியோடு இருக்கும் துணி, முதல் தண்ணீரில் நீளவாக்கில் நன்றாகவே இழுத்துக்கொள்ளும். அதனால் வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள். வேலூர் வெயிலில் காலையில் போட்டால் மதியத்துக்குள் எடுத்துவிடலாம். கேன்வாஸும் சுருங்கும்தான், ஆனால் நனைத்த கேன்வாஸைச் சுருக்கம் போகத் தேய்ப்பதற்குள் கை விட்டுப்போகும்.

அளவு சொல்கிறேன். 15 அங்குல அகலம், 35 அங்குல நீளத்தில் ஒரே துண்டு. அதை நடுவில் மடித்தால் அடிப்பக்கத் தையலே தேவையில்லை. தைத்து முடித்தால் 14 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் பை வரும். கைப்பிடிக்கு 4 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகள். ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டில் பிசிறுக்கு வழி இருக்கிறது: நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல், அதன் ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்துவிட்டு, பையை உள்பக்கமாகத் திருப்பி மறுபடி கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறு உள்ளேயே அடைந்துவிடும். காடாவில் இது மெலிசாக உட்காரும். கேன்வாஸில் ஓரம் கயிறு வைத்தது போலப் புடைத்து நிற்கும். வீட்டில் பழைய குடியாத்தம் லுங்கி இருந்தால் உள்பாக்கெட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், துவைத்துத் துவைத்து மிருதுவான அந்தத் துணி ஊசிக்கு நன்றாக வழிவிடும்.

காடாவுக்குக் குறையும் உண்டு. நிற்காது, துவளும். வெள்ளைக் காடாவில் மஞ்சள் கறை பட்டால் லேசில் போகாது. நம்ம ஊர் இலவம்பாடி முள்கத்திரிக்காயை வாங்கிப் போட்டால் காம்பு முள் துணியில் மாட்டி நூலை இழுத்துவிடும், அதைத் தனியே ஒரு பேப்பரில் சுற்றிப் போட வேண்டியிருக்கிறது. கேன்வாஸில் அந்தத் தொந்தரவு அவ்வளவாக இல்லை. ஆனால் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளக் காடாதான் வசதி. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, கையில் துணிப்பையோடு போவதும் சகஜமாகிவிட்டது. மடிக்க முடியாத பை வீட்டிலேயே தங்கிவிடும், அது என் அனுபவம்.

லேப்டாப்பும் கனமான புத்தகங்களும் தூக்கத்தான் பை என்றால் நான் காடாவுக்காக வாதாட மாட்டேன், அதற்குக் கேன்வாஸ்தான். துணியையும் வாங்கி வைத்துவிட்டீர்கள் என்றால் பக்கத் தையல், வாய் மடிப்பு எல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கைப்பிடியைக் குண்டூசி குத்தி நிறுத்தி, எங்கே அடிக்க வேண்டும் என்று சாக்பீஸால் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போட்டு, பவர் மெஷின் வைத்திருக்கும் தையற்கடையில் கொடுங்கள். அந்த நாலு இடத்தை மட்டும் அவர்கள் அடித்துக் கொடுத்தால் போதும்.