300 மீட்டருக்கு அப்பால்: ஜீரோயிங்கா, கைக்கணக்கா?

அறுவடை முடிந்த வயலோரத்தில் ஒரு சிவப்பு மான் நிற்கிறது. நல்ல கொம்பு. தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் 312 மீட்டர் என்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து நம்மை நோக்கி வீசுவதால் வாடை போகாது. இன்னும் நூறு மீட்டர் ஊர்ந்து போய்விடலாம்தான். ஆனால் நடுவில் இரண்டு பெட்டை மான்கள் மேய்கின்றன. அதில் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தால் கதை முடிந்தது. ஆக, இங்கிருந்தேதான் சுட்டாக வேண்டும். துப்பாக்கி மேலுள்ள ஸ்கோப்பின் ஜீரோவை, அதாவது குறியும் குண்டும் சேரும் தூரத்தை, 300க்கு மாற்றிவிட்டு நெஞ்சுக்கு நேராகக் குறிவைப்பதா? இல்லை, ஜீரோவைத் தொடாமல் கொஞ்சம் மேலே பிடிப்பதா?

இடம் ‘தி ஹண்டர்: கால் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டின் ஜெர்மானிய மேப்பான ஹிர்ஷ்ஃபெல்டன். ஸ்வீடனின் எக்ஸ்பான்சிவ் வேர்ல்ட்ஸ் 2017இல் வெளியிட்ட இந்த விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. கையில் இருப்பது .243 ரேஞ்சர், ஆரம்பத்திலேயே கிடைக்கும் ரைஃபிள். அதன் ஜீரோ இயல்பாக 150 மீட்டரில் இருக்கும். ஜீரோயிங் என்ற பெர்க்கை (கூடுதல் திறனை) திறந்தால் 75, 150, 300 என்று மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம்.

மாங்காய்க்குக் கல் எறிபவர் யாரும் மாங்காய்க்கு நேராக எறிவதில்லை, சற்று மேலே பார்த்துத்தான் எறிவார். குண்டுக்கும் அதே கதைதான், வேகம்தான் வேறு. ஜீரோ வைப்பது என்றால், ‘இத்தனை மீட்டரில் குண்டு விழுந்து வந்து சேரும் இடமும் குறுக்குக்கோடு காட்டும் இடமும் ஒன்றாக இருக்கட்டும்’ என்று ஸ்கோப்பைத் திருத்தி வைப்பது. அந்தத் தூரத்துக்கு முன்னால் குண்டு குறிக்கு மேலே போகும், அதைத் தாண்டினால் கீழே போகும்.

எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே? நொடிக்கு 900 மீட்டர் வேகம், காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஜீரோ 150இல் இருந்தால், 200 மீட்டரில் குண்டு 6 செ.மீ. கீழே போகிறது. 250இல் 15, 300இல் 27, 350இல் 42, 400இல் 60 செ.மீ. நிஜத்தில் காற்று குண்டைப் பிடித்து இழுப்பதால் சரிவு இதைவிடக் கூடும். விளையாட்டிலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி எண்கள் மாறும். ஆனால் வளைவின் போக்கு இதுதான். முதல் 50 மீட்டருக்கு 6 செ.மீ. இறங்கிய குண்டு, கடைசி 50 மீட்டரில் மட்டும் 18 செ.மீ. இறங்குகிறது. 250 வரை கண்மதிப்பில் சுட்டு ஜெயித்தவர்கள் 350இல் தொடர்ந்து கோட்டைவிடுவது இதனால்தான்.

அதே கணக்கை ஜீரோ 300க்குப் போட்டால் வேறு படம் கிடைக்கிறது. 100 மீட்டரில் 12 செ.மீ. மேலே, 150இல் 14 மேலே, 200இல் 12 மேலே, 250இல் 8 மேலே, 300இல் சரியாக, 350இல் 11 கீழே. அதாவது கிட்டத்திலிருந்து 350 வரை எங்கே சுட்டாலும் பிழை ஒரு சாணுக்குள்தான். காட்டெருமை, மூஸ் மாதிரி பெரிய உருப்படிக்கு ஒரு சாண் பிழை பெரிதல்ல. நெஞ்சின் நடுவில் வைத்துச் சுட்டால் நுரையீரலில் எங்கோ ஓரிடத்தில் பட்டுவிடும். அந்த விலங்குகளுக்கு ஜீரோ 300தான் சரி, இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

சின்ன விலங்கு வந்தால்தான் சிக்கல். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. வட்டம் என்பது வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உருவில் அதைவிடச் சிறிய ரோ மானுக்கு அதுவும் இல்லை. ஒரு நாள் தொலைவில் நின்ற சிவப்பு மானுக்காக 300 வைத்தேன், அது சுடுவதற்குள் நழுவிவிட்டது. கால் மணி நேரம் கழித்துப் புதரிலிருந்து ஒரு ரோ மான் வெளியே வந்தது. 150 மீட்டர்கூட இருக்காது, பக்கவாட்டில் அசையாமல் நின்றது. மூச்சைப் பிடித்து நெஞ்சில் வைத்துச் சுட்டேன். முதுகுக்கு மேலே பின்னாலிருந்த மண்மேட்டில் தூசி பறந்தது. தாளில் பார்த்த அதே 14 செ.மீ.! ஜீரோவை மாற்றிய நினைவே எனக்கு இல்லை.

ஜீரோயிங்கின் குறையும் இதுதான். அது இன்னொரு பொத்தான், இன்னொரு நினைவுச் சுமை. 150இலேயே விட்டுவிட்டு மேலே பிடிக்கப் பழகியவருக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. 300 மீட்டர் சிவப்பு மானா, குறுக்குக்கோடு முதுகுக்கோட்டை ஒட்டி. 350 என்றால் முதுகுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். இந்தப் படம் மனதில் பதிய முப்பது நாற்பது ஷாட் வீணாகும். அப்புறம் கை தானாகப் போகும். அதனால் மான் வகைகளுக்கு நான் 150இலேயே நின்றுவிட்டேன். 400ஐ நெருங்கினால் மட்டும் 300க்கு மாற்றுகிறேன். 60 செ.மீ. மேலே வெறும் வானத்தைப் பார்த்துக் குறிவைப்பதைவிட 24 செ.மீ. மேலே பிடிப்பது கண்ணுக்குச் சுலபம்.

அடுத்து எங்கிருந்து சுடுவது என்ற தகராறு. குறி ஆயிரத்தில் ஒரு பங்கு ஆடினாலே 400 மீட்டரில் 40 செ.மீ. தள்ளிப் போகும். ஓடி வந்து இதயம் படபடக்கும்போது ஸ்கோப்பில் ஆடுவது இதைவிட அதிகம். படுத்துச் சுட்டால் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது, சந்தேகமில்லை. ஆனால் படுத்தால் ஹிர்ஷ்ஃபெல்டனில் பாதி இடங்களில் தெரிவது கண்ணுக்கு முன்னாலுள்ள புல் மட்டும்தான். மேட்டில் படுத்துச் சரிவைப் பார்த்துச் சுட முடிந்தால் படுப்பது, சமவெளி என்றால் பரண். விளையாட்டுக் காசில் வாங்கும் பரண்கள் வயலைப் பார்த்த இடத்தில் இருந்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. நின்றபடி 300ஐத் தாண்டிச் சுடுவதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

துப்பாக்கி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. தூரம் என்றதும் எல்லோரும் .300 கேனிங் மேக்னம் என்ற பெரிய ரைஃபிள் பக்கம் ஓடுகிறார்கள். அது 6 முதல் 9 வரையிலான வகுப்பு விலங்குகளுக்கானது (வகுப்பு என்பது விலங்கின் உருவத்துக்கேற்ப விளையாட்டு போட்டிருக்கும் எண்). 3ஆம் வகுப்பு ரோ மானை அதால் சுட்டால் மான் விழும், கூடவே மதிப்பெண்ணும் விழும். 2 முதல் 6 வரை தாங்கும் .243ஐ ஒழுங்காகப் பழகினாலே ஹிர்ஷ்ஃபெல்டனில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இதெல்லாம் ஒரு விளையாட்டுக்குள்ளே. வெளியே இதற்கு நேர்ப் போட்டி ‘வே ஆஃப் தி ஹண்டர்’. ஸ்லோவாக்கியாவின் நைன் ராக்ஸ் கேம்ஸ் உருவாக்கி, 2022 ஆகஸ்டில் டி.ஹெச்.க்யூ. நோர்டிக் வெளியிட்டது. அமெரிக்காவின் நெஸ் பெர்ஸ் பள்ளத்தாக்கு, ருமேனியாவின் டிரான்சில்வேனியா என்று இரண்டு மேப்புகளோடு வந்தது. தொலைவில் சுடுபவர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய வரம், பின்னோக்கி ஓட்டிப் பார்க்கக்கூடிய புல்லட் கேமரா. குண்டு எப்படிப் போனது, எங்கே நுழைந்தது, எதைத் தொட்டது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கால் ஆஃப் தி வைல்டில் இதைத் தெரிந்துகொள்ள 312 மீட்டர் நடந்து போய் மானைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் குண்டு சென்ற பாதையும் பட்ட உறுப்பும் தூரமும் திரையில் வரும். (சுடுவதற்கு முன் மான் நின்ற இடத்தை மேப்பில் குறித்து வையுங்கள். 300 மீட்டர் தள்ளி வந்து பார்த்தால் எல்லாப் புதரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.)

இன்னொரு வித்தியாசம், வே ஆஃப் தி ஹண்டர் குண்டின் ஆற்றலைக் கணக்கில் எடுக்கிறது. விலங்கைத் தொடும்போது எத்தனை ஜூல் மீதம் இருக்கிறது என்பதும் தரத்தைத் தீர்மானிக்கிறது. வேகம் குறையக் குறைய ஆற்றல் அதன் வர்க்கத்தில் குறையும், பத்தில் ஒரு பங்கு வேகம் போனால் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே அங்கே ‘எட்டுமா’ என்பதோடு ‘எட்டினால் போதுமா’ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுட்ட இறைச்சியை விற்றுத்தான் காசு என்பதால், மோசமான தூர ஷாட் பையிலும் கை வைக்கும்.

கால் ஆஃப் தி வைல்டில் காற்று வாடையை மட்டுமே சுமக்கும், குண்டைத் தொடாது. நிஜமாகத் தூரம் சுடுபவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று 400 மீட்டரில் குண்டை ஒரு அடி தள்ளிவிடலாம், அவருடைய தலைவலியில் பாதி அதுதான். ஆனால் விளையாட்டில் அது இல்லாததில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. இருக்கிற வேலையே போதும். 400 மீட்டரைக் கடக்கக் குண்டுக்குக் கிட்டத்தட்ட அரை நொடி ஆகிறது. சாதாரணமாக நடக்கும் மான் அதற்குள் அரை மீட்டர் நகர்ந்து, நெஞ்சில் வைத்த குறியை வயிற்றில் வாங்கிக்கொள்ளும். நடக்கும் மானைச் சுடாதீர்கள், அது நிற்கும்வரை காத்திருங்கள்.

கற்றுக்கொள்ள எது நல்லது என்று கேட்டால் வே ஆஃப் தி ஹண்டரைத்தான் சொல்வேன். ஏன் தப்பியது என்று காட்டிக்கொடுக்கும் வாத்தியார் அது. ஆனால் இரவு அரை மணி நேரம் கிடைத்தால் நான் திறப்பது ஹிர்ஷ்ஃபெல்டனைத்தான். அந்த 312 மீட்டர் மானுக்கு ஜீரோவைத் தொடவில்லை. முதுகுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே பிடித்தேன். இரு நுரையீரலும்.