பத்தாவது முடித்தபின் கட்டுமானம் படிக்க: பிளஸ் 2 தொழிற்கல்வியா, ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா?

"கட்டட வேலை பிடிச்சிருக்கு, அதையே படிக்கவா?" என்று பத்தாவது முடித்த பிள்ளை கேட்டால், "முதல்ல பிளஸ் 2 முடி, அப்புறம் பார்க்கலாம்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் அந்த வயதிலேயே கட்டுமானம் படிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் வருடக் கணக்கு. பாலிடெக்னிக்கில் நேராகச் சேர்ந்தால் 3 ஆண்டில் டிப்ளமோ. பிளஸ் 2 தொழிற்கல்வியோ 2 ஆண்டு ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் மொத்தம் 4 ஆண்டு. அந்தக் கூடுதல் ஓராண்டுக்குக் கையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிளஸ் 2 வழியில் கிடைப்பது மேல்நிலைச் சான்றிதழ். மொழிப் பாடங்களோடு கட்டடப் பொறியியலும் செய்முறையும் படிக்கலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மனம் மாறினால் கலைக் கல்லூரிக்கும் போகலாம். பதினைந்து வயதில் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள இடம் தருவது இந்த வழி.

ஆனால் இதன் தரம் முழுக்க முழுக்கப் பள்ளியைப் பொறுத்தது. இந்தப் பாடம் எல்லா ஊரிலும் கிடையாது. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றபின் இடம் நிரப்பப்படாமல் பிரிவே மூடப்பட்ட பள்ளிகள் பல. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் செய்முறை என்றால் ரெக்கார்டு நோட்டு எழுதுவது மட்டும்தான். நில அளவையில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. மட்டம் பார்க்க ரசமட்டம் பிடிக்காமல், சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குகுண்டு விட்டுப் பார்க்காமல், ஒரு வரிசைச் செங்கலாவது தன் கையால் வைக்காமல் இரண்டு ஆண்டு போவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். சேர்க்கும் முன் பயிற்சிக் கூடத்தைக் கண்ணால் பாருங்கள். பிள்ளைகள் கட்டிப் பிரித்த சுவரின் கலவைக்கறை தரையில் இருந்தால் நம்பிச் சேர்க்கலாம்.

கைத்திறனுக்கு ஐ.டி.ஐ.தான் என் தேர்வு. கட்டட வரைபடம் வரையக் கற்றுத்தரும் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவில் முதலில் கையால் வரைந்து, பிறகு கணினியில் ஆட்டோகேட் மென்பொருளில் வரைந்து, பிளானை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். அந்தச் சான்றிதழை வைத்து, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வரைவாளர் தேர்வை எழுத முடியும். மொழிப் பாடத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் பிளஸ் 2-வுக்கு இணையான சான்றும் பெறலாம். இது பல பெற்றோருக்குத் தெரியாததால்தான் "ஐ.டி.ஐ. போனா படிப்பு அதோட நின்னுடும்" என்ற பயம் இன்னும் இருக்கிறது.

பாலிடெக்னிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்வே, எஸ்டிமேட், கான்கிரீட் சோதனை எல்லாம் முறையாக வரும். சைட் சூப்பர்வைசர் வேலைக்கும், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் இதுவே நேர்வழி. கணிதத்தில் தடுமாறாத பிள்ளைக்கு இதையே சொல்வேன். தடுமாறும் பிள்ளைக்கு முதலாண்டு அரியர் மனத்தை உடைத்துவிடும்.

பணத்திலும் வித்தியாசம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். பிளஸ் 2 படிக்கும்போது இது இல்லை. அப்பா கொத்தனாராகவோ அம்மா சித்தாளாகவோ இருந்து, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், வாரியத்தின் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அட்டை புதுப்பிக்காமல் கிடக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.