தடுப்பூசி முகாம் திட்டம்: எக்செல் கணக்கா, ஒத்திகையா, சிமுலேஷனா?

ராயபுரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அவசரத் தடுப்பூசி முகாம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம், 960 பேர். ஓர் ஊசிக்குச் சராசரி 3 நிமிடம், போட்டபின் 30 நிமிடக் கண்காணிப்பு. எத்தனை நர்ஸ், எத்தனை நாற்காலி?

எக்செல் வரிசைக் கணக்கு சட்டென்று விடை தரும். மணிக்கு 120 பேர். ஒரு நர்ஸ் மணிக்கு 20 பேருக்குப் போடுவார்; 6 நர்ஸ் என்றால் சரிக்குச் சரி, கொஞ்சம் தாமதமானாலும் வரிசை வளர்ந்துகொண்டே போகும். 7 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடத்துக்குள். நாற்காலி 60. ஆள் கேட்டு எழுத இது போதும். ஆனால் மக்கள் நாள் முழுக்கச் சீராக வருவார்கள் என்று அது நம்புகிறது. சென்னையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம் என்று காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும்.

ஒத்திகை வேறு வகை. 2021 ஜனவரி 2 அன்று நாடு முழுக்க நடந்த கோவிட் ஒத்திகையில் மையத்துக்கு 25 பேர்தான். பதிவு மென்பொருள் தடுமாறுவதும், போகிற வழியும் வருகிற வழியும் முட்டிக்கொள்வதும் அதில் தெரியும், நெரிசல் தெரியாது. அங்கே ஸ்டாப்வாட்ச்சோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். சராசரி மட்டுமல்ல, மிகக் குறைந்த நேரமும் மிக அதிக நேரமும் வேண்டும். சிமுலேஷனுக்கு, அதாவது முகாமைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு, அதுதான் தீனி.

அதற்கு இலவசமான சிம்பை (SimPy) என்ற பைத்தான் நிரல் தொகுப்பு போதும். ஒரே ஓட்டத்தை நம்பாமல் 100 தடவை ஓட்டுங்கள். அதே 960 பேர், அதே 7 நர்ஸ். 9 மணிக்குத் திறந்து முதல் மணியில் மட்டும் 300 பேர் வந்தால்? 140 பேருக்குத்தான் போட முடியும். 10 மணிக்கு 160 பேர் வரிசையில்; கடைசி ஆள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பார். மீதி 660 பேர் சீராக வந்தாலும் வரிசை கரைய மதியம் ஒன்றரை ஆகும். நர்ஸ்கள் இடைவிடாமல் போடுவதால் நாற்காலியும் 60 போதாது, குறைந்தது 70 வேண்டும். இல்லையென்றால் ஊசி போட்டவர்கள் வாசலிலேயே நிற்க, பின்னால் எல்லாம் நின்றுவிடும். மயக்கம் வந்தால் அங்கே யாரும் கவனிக்க முடியாது.

இன்னும் 3 நர்ஸ் சேர்த்தால் காத்திருப்பு அரை மணியாகக் குறையும். ஆனால் நாற்காலி 100 ஆகிவிடும், நெரிசல் கண்காணிப்பு அறைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மணிக்கு 120 டோக்கன் என்று பிரித்துக் கொடுப்பதே மேல்.

அதையும் சாப்பாட்டு நேரத்தோடு ஓட்டிப் பாருங்கள். இருவர் இருவராக எழுந்தால் 5 நர்ஸ் மணிக்கு 100 பேருக்குத்தான் போடுவார்கள். அந்த 2 மணி நேரத்துக்கு டோக்கனை 90 ஆகக் குறைத்து, விடுபட்ட 60 பேருக்காக முகாமை அரை மணி நீட்டுங்கள்.