தமிழ் பேசும் பிள்ளைக்குக் கொழும்பில் பேச்சுச் சிகிச்சை: நாங்கள் போய்ப் பார்த்த நாலு வழிகள்

மகனுக்கு மூன்று வயதாக இரண்டு மாதம் இருந்தபோது ஓட்டிசம் என்று சொன்னார்கள். இப்போது ஏழு முடிந்துவிட்டது. இந்த நாலு வருடத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்து நாங்கள் ஏறி இறங்காத இடம் குறைவு. அதனால் எங்கள் தொடர்மாடியிலோ கோவிலிலோ யாராவது ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து "அக்கா, எங்கே காட்டினால் நல்லது?" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும்போது எதையாவது விட்டுவிடுகிறேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். கட்டடமும் ஏசியும் சுவரில் ஒட்டிய படங்களும் எனக்குக் கணக்கில்லை. இரண்டே கேள்விதான். பிள்ளையோடு அங்கே எந்த மொழியில் பேசுவார்கள்? திரும்பி வரும்போது வீட்டில் செய்வதற்கு எனக்கு என்ன சொல்லித் தருவார்கள்? வாரத்தில் முக்கால் மணித்தியாலம்தான் சிகிச்சை, அதுவும் கிடைத்தால். மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளை நம்மிடம்தானே இருக்கிறது.

மொழியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நாங்கள் ஆரம்பத்தில் போன ஓரிடத்தில் சிகிச்சை முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. அந்த மிஸ் தங்கமானவர், மகனும் அவரோடு ஒட்டிக்கொண்டான். மூன்று மாதத்தில் அவனுக்கு முதல் சொல் வந்தது. "தென்ன." சிங்களத்தில் 'தாங்கோ' என்று கேட்பது. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. அவர் பருத்தித்துறையில் இருந்து இவனுக்காகவே வந்தவர், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஒருநாள் பின்னேரம் அவன் பிஸ்கட் டின்னைக் காட்டித் "தென்ன, தென்ன" என்று கேட்டிருக்கிறான். அம்மா பேரன் வாய் திறந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய், பின்வளவில் நிற்கிற தென்னையைக் காட்டியிருக்கிறார். "ஓமடா தம்பி, தென்னை, தென்னை!" அவன் தலையைச் சுவரில் இடித்து இடித்து அழுதிருக்கிறான். நான் வேலையால் வந்தபோது நெற்றி வீங்கியிருந்தது. மூன்று வருடம் பேசாமல் இருந்த பிள்ளை முதல்முதலாக வாய் திறந்து கேட்டதை வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரச வைத்தியசாலை. கொழும்பில் அநேகமாக எல்லோரும் முதலில் போவது பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத்தான், அப்படிப் போவதுதான் சரி என்று நானும் சொல்லுவேன். இலவசம் என்பது ஒரு பக்கம். காது, கண், நரம்பு, உளநலம் என்று எல்லாப் பிரிவு வைத்தியர்களும் ஒரே வளவுக்குள் இருப்பதுதான் பெரிய விஷயம். பேச்சு பிந்துகிற பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் முதல் காது சோதிக்க வேண்டும். இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். கூப்பிட்டால் திரும்புகிறான், டிவி சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. சில சத்தங்கள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வருகிற இடம் என்பதால் ஒரு கிளினிக் நாளுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி விழும். ஆகவே நோயறிதலுக்கும் சோதனைகளுக்கும் அரசு, வாராவாரப் பயிற்சிக்கு வேறு வழி என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மொழியைப் பொறுத்தவரை அது அன்று யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று பதிவு மேசையில் கேளுங்கள். வெட்கப்படத் தேவையில்லை, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அலுவலர்களோடு தமிழில் தொடர்பாடும் உரிமையை இந்த நாட்டில் எங்கே இருந்தாலும் நமக்குத் தந்திருக்கிறது. நான் கேட்டுத்தான் திகதி மாற்றிக்கொண்டேன், ஒருவரும் கோபிக்கவில்லை.

அடுத்தது ராகமை. அங்கே 'அயதி' என்று விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தேசிய நிலையம் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்குகிறது, இதுவும் இலவசம். பேச்சுச் சிகிச்சை, உடுப்பது சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சை, உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் என்பதால், நடக்கவும் கஷ்டம் பேசவும் கஷ்டம் என்றுள்ள பிள்ளையை நாலு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் ராகமை என்றுதான் சொல்லுவேன். அந்த மருத்துவ பீடத்திலேயே பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்துக்குப் பட்டப்படிப்பும் நடக்கிறது. எங்களுக்கு அங்கே மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி, இன்னும் படித்துக்கொண்டிருந்தவள், தமிழில் பேசிக் காட்டியபோது மகன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தான். ஒரு மணி நேரத்தில் அவள் என் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: அவன் கேட்க முதல் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு பத்து எண்ணும் வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், அவன் பார்த்தாலோ கையை நீட்டினாலோ சொல்லைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அம்மா இன்றுவரை அதைத்தான் செய்கிறார். வேறு இடங்களில் காசு கொடுத்துப் பார்த்த எதுவும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

ராகமையின் கஷ்டம் பயணம். மருதானையில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலம் சொச்சம், இறங்கி ஓட்டோ. கேட்கச் சின்னத் தூரம்தான். ஆனால் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளையோடு காலை நேர ரயிலில் போய்ப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை ஒன்றே போதும். நாங்கள் கூட்டம் குறைந்த பிறகு, ஒன்பதரைக்குப் பிந்திய ரயிலில் போவோம். சக்கர நாற்காலிப் பிள்ளை என்றால் ரயிலை மறந்துவிடுங்கள், பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள படியை ஒரு தாய் தனியாகச் சமாளிக்க முடியாது. பொது இடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. நம் ரயில் பெட்டியின் படி மட்டும் அப்படியே இருக்கிறது.

தனியார் சிகிச்சையாளர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, நாரஹேன்பிட்டி என்று நிறைய இருக்கிறார்கள், காத்திருக்கத் தேவையில்லை, சனிக்கிழமையும் பார்ப்பார்கள், தமிழ் பேசுகிறவரைத் தெரிவு செய்யலாம். வசதி இருந்தால் இதுதான் லேசு. எங்களுக்கு அந்த வசதி எட்டு மாதம்தான் இருந்தது. ஒரு தடவைக்கே சில ஆயிரம் போகும், வாரம் இரண்டு என்றால் மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று நேரே கேளுங்கள். மற்றது, உங்களை உள்ளே இருக்க விடுகிறாரா என்று பாருங்கள். நாங்கள் போன ஒரு நிலையத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே எடுத்தார்கள், நாற்பது நிமிடத்தில் வெளியே விட்டுவிட்டு "இன்றைக்கு நல்லா இருந்தான்" என்று மட்டும் சொன்னார்கள். எட்டு மாதமும் அதே ஒரு வசனம். உள்ளே என்ன செய்தார்கள், நான் வீட்டில் எதைத் தொடர வேண்டும், எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தாயை உள்ளே விடாத இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

ஒன்லைன். கொரோனாக் காலத்தில் வேறு வழி இல்லாமல் தொடங்கினோம், சென்னையில் உள்ள ஒருவர். நல்ல தமிழ், நல்ல பொறுமை, கட்டணமும் இங்கே உள்ளதை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். அவர் படம் காட்டுவார், மகன் பாணின் படத்தைப் பார்த்துப் "பாண்" என்பான். அவர் "பிரெட், பிரெட் சொல்லு" என்பார். அவருக்குப் பாண் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது. விளங்கிய பிறகு மனிதர் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, உங்கள் வீட்டுச் சாமான்களையே ஃபோனில் படம் எடுத்து ஒரு கொப்பியில் ஒட்டுங்கள் என்றார். அவனுடைய நீலக் கோப்பை, அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை, எங்கள் பாத்ரூம் கதவு, சந்திக் கடைப் பாண். அந்தக் கொப்பிதான் இப்போதும் எங்கே போனாலும் என் பைக்குள் இருக்கிறது, மூலைகள் கிழிந்து டேப் ஒட்டி ஒட்டி. ஒன்லைன் பிள்ளைக்குச் சிகிச்சை கொடுப்பதற்கு அவ்வளவு சரிவராது, திரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் இருக்கமாட்டார்கள். தாய்க்குப் பயிற்சி கொடுப்பதற்கு மிக நல்லது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்தில் உள்ள சிகிச்சையாளர்களிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குப் பாண் என்றால் விளங்கும்.

இடையில் ஒன்று. வீட்டில் இரண்டு மூன்று மொழி பேசுவதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். அதை நம்பி மூன்று மாதம் என் அம்மாவைப் பிள்ளையோடு கதைக்கவே வேண்டாம் என்றேன். பாவம், ஊமை போல இருந்தார். பல மொழி கேட்பது ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாராவது இப்படிச் சொன்னால் கேட்டுவிட்டு வந்து, தமிழிலேயே பேசுங்கள்.

பாடசாலை பற்றிச் சுருக்கமாக. சாதாரண அரச பாடசாலைக்குள் இருக்கும் விசேட கல்வி அலகு, தனியான விசேட பாடசாலை, சாதாரண வகுப்பு என்று மூன்று வழி. எங்கள் தெரிவு அலகு. பின்னேர மணி அடிக்கும்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கேற்றால் வெளியே வருகிறான், அது எனக்குப் போதும். தனியான பாடசாலைகளில் அனுபவம் அதிகம். இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான பாடசாலை 1912இல் தொடங்கியது. ஆனால் தமிழ்மொழி மூலம் வேண்டும் என்பதற்காகக் காது கேளாத பிள்ளையை யாழ்ப்பாணத்தில் உள்ள கைதடி நவீல்ட் பாடசாலை விடுதியில் விட்ட கொழும்புக் குடும்பத்தை எனக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளையைப் பிரிந்து இருப்பது என்ன சின்ன விஷயமா. சாதாரண வகுப்பில் சேர்க்க அதிபர் மறுத்தால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவைச் சொல்லுங்கள். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

கொடுப்பனவு பற்றியும் கேட்கிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 7,500 ரூபாயாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக்கினார்கள். முதலில் கிராம சேவகர், பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகம், வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய. மாறிப் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். வைத்தியரின் கடிதம், கிளினிக் கொப்பி எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி வைத்திருங்கள். இந்தப் பணம் பிள்ளையின் பெயரில் வருவது. பகல் முழுக்கப் பிள்ளையோடு மாரடிக்கிற என் அம்மா போன்றவர்களின் உழைப்புக்கு இதில் ஒரு சதமும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் இருபத்தாறு கிலோப் பிள்ளையைத் தூக்கி முதுகு போய்விட்டது அவருக்கு. அவரை ஒருநாளாவது ஓய்வாக விட, நம்பி பிள்ளையை ஒப்படைக்க ஓரிடம், தமிழில் கதைக்கிற ஓரிடம், இந்த நாலு வருடத்தில் நான் தேடிக் களைத்தது அதற்குத்தான். இந்த ஒன்றில் ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை.

இன்றைக்குத் தொடங்குகிறவர் என்றால் நான் சொல்வது: பொரளையில் காதும் நோயறிதலும், அங்கேயே ராகமைக்குக் கடிதம் கேளுங்கள், ராகமைத் திகதி வரும்வரை தமிழ் பேசும் தனியார் ஒருவரிடம் மாதம் ஒரு தடவை மட்டும் போய் வீட்டில் செய்ய வேண்டியதை எழுதி வாங்குங்கள். வாரம் இரண்டு தடவை போகக் கடன் வாங்காதீர்கள். போகும்போது பகலில் பிள்ளையைப் பார்க்கிறவர் யாரோ, அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எங்களுக்கு அடுத்த திகதி வருகிற புதன்கிழமை, அம்மாவும் வருகிறார். கொப்பியில் இரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது, மகன் இந்தக் கிழமை புதிதாகக் கேட்கத் தொடங்கிய மாம்பழத்தையும் மழைக்கோட்டையும் இன்றிரவு ஒட்ட வேண்டும்.