கல்சிட்ரையோலும் பொஸ்பேட்டும்: மகளுக்குக் கொடுத்துவரும் ஏழு வருட அனுபவம்

மகள் நடக்கத் தொடங்கியதுமே கால் இரண்டும் வில்லாக வளைந்தன. நாங்கள் இருப்பது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். பனிமூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? "பிள்ளைக்கு வெயில் படல்ல" என்றுதான் லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஓரிடத்தில் சாதாரண விட்டமின் டி பாணியை ஒரு வருடம் கொடுக்கச் சொன்னார்கள். கால் இன்னும் வளைந்ததுதான் மிச்சம்.

கண்டியில் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர் முதலில் கேட்டது, "அப்பாவோட கால் எப்படி?" என்று. வீட்டுக்காரருக்கும் சின்ன வயதிலிருந்தே வளைந்த கால்தான். இது எக்ஸ்.எல்.எச். என்ற பரம்பரை நோயாம்; இரத்தத்தில் பொஸ்பேட் குறைந்து எலும்பு வளைந்துவிடும். அப்பாவிடமிருந்து வந்தால் மகள்மார் எல்லாருக்கும் வரும், மகனுக்கு வராதாம். எங்கள் மகன் கால் நேராகத்தான் இருக்கிறது.

இந்த நோயில் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹோர்மோன் கூடிப்போய், பொஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. விட்டமின் டியைச் சிறுநீரகம் ஹோர்மோனாக மாற்றுவதையும் அமுக்கிவிடுகிறது. அப்படி மாற்றி முடித்த ஹோர்மோன்தான் கல்சிட்ரையோல். பாணி ஏன் பலிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

கல்சிட்ரையோல் குளிசையால் தொல்லை இல்லை. பொஸ்பேட்தான் பாடு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஒரேயடியாகக் கொடுத்தால் அதுவும் சிறுநீரோடு போய்விடும். முதல் மாதம் வயிற்றோட்டம். உப்புக் கரிக்கிறது என்று துப்புவாள். நான் கெட்டிக்காரத்தனமாகப் பால் தேத்தண்ணியில் கலந்து கொடுத்தேன். பாலிலுள்ள கல்சியம் பொஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று கிளினிக்கில் ஏச்சு வாங்கிய பிறகு வெறும் தண்ணீர்தான்.

கணுக்கால்களை ஒட்டி நிற்கச் சொல்லி, முழங்கால் நடுவே என் விரலை விட்டுப் பார்ப்பேன். தொடக்கத்தில் நாலு விரல் நுழைந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு. இப்போது ஒரு விரல் இறுக்கமாக நுழையும். இரத்தத்தில் பொஸ்பேட் இன்னும் குறைவுதான்; முதலில் பயந்தேன். டொக்டர் பார்ப்பது இரத்தத்திலுள்ள அல்கலைன் பொஸ்படேஸ் என்ற நொதி இறங்குகிறதா என்று. அது இறங்கினால் எலும்பு ஆறுகிறதாம்.

குறை இல்லாமல் இல்லை. உயரம் வகுப்பிலேயே குறைவு. பல்லில் இரண்டு தடவை சீழ் கட்டியது. சிறுநீரில் கல்சியம் கூடியதால் ஒருமுறை அளவைக் குறைத்தார்கள். சிறுநீரகத்தில் கல்சியம் படியாமலிருக்க ஸ்கேனும் உண்டு. கிளினிக் நாளில் எனக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். 2022 தட்டுப்பாட்டில் குளிசைக்காகக் கண்டிக் கடைகளில் ஏறி இறங்கியதைச் சொல்லி மாளாது.

புரோசுமாப் என்று ஊசி இருக்கிறது. 2018இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதித்தார்கள், அந்த எஃப்.ஜி.எஃப். 23ஐயே மடக்குமாம். பிள்ளைகளுக்கு இரண்டு கிழமைக்கு ஒன்று. விலை, கொழுந்துச் சம்பளத்துக்கு எட்டாது. எங்களுக்கு இப்போதைக்கு இந்த ஐந்து வேளைதான். பள்ளிக்கூட வேளையை மட்டும் இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.