அங்கியா, ஆண்டு விழாவா, கல்விச் சீரா? சின்னப் பிள்ளைகளுக்கு எது பொருந்தும்

மார்ச் பிறந்தால் போதும், ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் வரை, கீழக்கரையிலிருந்து தொண்டி வரை, ஆங்கிலவழிப் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி அறிவிப்பு வந்து விழுகிறது. யு.கே.ஜி. முடிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா. அங்கி வாடகை, தொப்பி, புகைப்படம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இவ்வளவு. இந்தத் தேதிக்குள் கட்டிவிடவும்.

அதே பருவத்தில் அதே கடற்கரையின் அரசுப் பள்ளிகளில் ஆண்டு விழா நடக்கிறது. சில ஊர்களில் மக்கள் தாம்பூலத் தட்டு ஏந்தி, பள்ளிக்குத் தேவையான பொருட்களைக் கல்விச் சீராகக் கொண்டு போகிறார்கள். இவை தவிர, கோயிலையும் பள்ளிவாசலையும் மாதா கோயிலையும் ஒட்டிய பழைய வழக்கங்கள் இருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளையின் படிப்பைக் கொண்டாட இத்தனை வழிகள் இருக்கும்போது எதற்குப் பணத்தையும் நேரத்தையும் கொடுப்பது என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த விழாவில் பிள்ளை என்ன செய்கிறது? அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் அங்கி விழா கடைசி இடத்துக்குத்தான் வருகிறது.

அதற்காக அங்கி விழாவை ஆசைப்படும் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களில் பலர் தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டவர்கள். தன் மகள் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மேடை ஏறும்போது அந்தத் தாய் பார்ப்பது யு.கே.ஜி. பிள்ளையை இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து வரவேண்டிய ஒரு நாளை முன்கூட்டியே ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுகிறார். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வேறொரு நியாயம் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பா, பிள்ளை வளர்வதைக் கைபேசித் திரையில்தான் பார்க்கிறார். பள்ளிக்குப் போகும் அன்றாடம் அவருக்குக் கிடைக்காது. இப்படி ஒரு நாள் கிடைக்கும். அந்தப் படம் அவருடைய அறைச் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும். இந்த இரண்டு ஆசைகளையும் ஏளனம் செய்கிறவர்கள் இந்தக் கரையை அறியாதவர்கள்.

ஆனால் விழா நடக்கும் இடத்தில் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். ஒரு மண்டபத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கே பிள்ளைகளுக்கு அங்கி மாட்டிவிட்டார்கள். பளபளக்கும் செயற்கைத் துணி, காற்றுப் புகாது. அளவு பெரிது என்பதால் தோளிலும் முதுகிலும் ஊக்கு குத்தியிருந்தார்கள். தொப்பி நிற்க மோவாய்க்கடியில் எலாஸ்டிக் நாடா. அது அறுத்த தடம் சிவப்பாகத் தெரிந்தது. சிறப்பு விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதம். அதுவரை எந்தப் பிள்ளையும் அங்கியைக் கழற்றக் கூடாது, கசங்கிவிடும். சிறுநீர் வந்தபோது அவ்வளவு துணியையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்க ஆயாவுக்குக் கை போதவில்லை. ஒரு பையன் நனைத்துக்கொண்டு அழுதான். கடைசியாகப் பெயர் அழைத்தார்கள். மேடை ஏறி, சிவப்பு நாடா கட்டிய சுருளை வாங்கி, கேமராவைப் பார்த்து நின்று இறங்கினால், மறுபுறம் நின்ற ஆசிரியை அந்தச் சுருளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உள்ளே ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாள். அதே சுருள்தான் அடுத்த பிள்ளைக்கும். ஒரு சிறுமி கொடுக்க மறுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த நிமிடத்துக்குப் பிறகு இந்த விழாவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த அங்கி ஐரோப்பாவின் குளிர்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் துறவிகளும் மாணவர்களும் போர்த்திக்கொண்ட உடை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து நம் ஊருக்கும் பழகிவிட்டது. பெரியவர்களே இப்போது அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2010-இல் போபாலில் நடந்த பட்டமளிப்பு விழாவில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் கீழுள்ள மருத்துவ நிறுவனங்களிடம் கறுப்பு அங்கியை விட்டு உள்ளூர் மரபுக்கேற்ற உடையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மருத்துவர்கள் கழற்றுவதை மார்ச் மாத உப்புக்காற்றில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிட என்ன தேவை இருக்கிறது?

பணக் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய்; நாளுக்குப் பிரித்தால் 131 ரூபாய். அங்கி விழாவின் வசூல் இந்தத் தடைக்காலத்துக்கு முந்தைய வாரங்களில் வருகிறது. கையில் இருக்கும் கொஞ்சத்தை மளிகைக்கும் வலை பழுதுக்கும் ஒதுக்கும் நேரம் அது. அடுத்த கல்வியாண்டுக் கட்டணமும் பின்னாலேயே நிற்கும். ‘விருப்பமுள்ளவர்கள் மட்டும்’ என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தாலும், வகுப்பில் மற்ற எல்லாரும் மேடை ஏறும்போது தன் பிள்ளையை மட்டும் வீட்டில் உட்கார வைக்கும் துணிவு எந்தத் தாய்க்கு வரும்? கம்மல் அடகுக் கடைக்குப் போய்விடும். படிப்புக்காக நகை அடகு வைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. அப்துல் கலாம் சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர அவருடைய அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த நகை ஒரு விமானப் பொறியாளரை உருவாக்கியது. ஒரு நாள் வாடகைத் துணிக்காக அடகுக்குப் போகும் கம்மலை மீட்டு வந்தாலும் பிள்ளையின் படிப்பில் ஒன்றும் கூடியிருக்காது. யு.கே.ஜி.யில் தேறுவதற்குத் தேர்வு இல்லை. முதல் வகுப்பில் சேர்க்க வயதும் பிறப்புச் சான்றிதழும் பார்ப்பார்கள். இந்தப் பட்டத்தை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் சேர்ந்து, தினமும் பஸ் பிடித்து ராமநாதபுரத்துக்கோ கீழக்கரைக்கோ போய்ப் படித்து முடிக்கும் மீனவர் வீட்டுப் பெண்ணின் தோளில் அந்த அங்கி ஏறும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனத்தை யு.கே.ஜி.யில் ஒன்று, ஐந்தாம் வகுப்பில் ஒன்று, எட்டாம் வகுப்பில் ஒன்று என்று முன்பே செலவழித்துத் தீர்ப்பது அவளுடைய உழைப்புக்கு நியாயமில்லை.

அடுத்து ஆண்டு விழா. அரசுப் பள்ளிகளில் இதை நடத்த இப்போது அரசே நிதி ஒதுக்குகிறது. அது போதாத இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராரும் சேர்த்துப் போடுகிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு பள்ளி வளாகத்தில் பந்தல் போட்டு நடத்துவதால் மண்டப வாடகை இல்லை. கூடை வியாபாரம் முடித்த பாட்டியும் வரமுடிகிறது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. திரைப்படப் பாட்டுக்கு ஆட்டம், அதற்கு வாடகை உடை, அந்த உடைக்கு வசூல் என்று போனால் அங்கி விழாவின் அதே பள்ளத்தில்தான் விழும். நன்றாக ஆடும் ஆறேழு பிள்ளைகள் எல்லா நிகழ்ச்சியிலும் முன்வரிசையில் நிற்க, மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதும் நடக்கிறது. பேச்சாளர் பட்டியல் நீண்டு, சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சி இரவு பத்து மணிக்குத் தள்ளப்படும்போது பாதிப் பிள்ளைகள் மடியில் தூங்கிவிடுகிறார்கள்.

ஆனால் ஆசிரியர் மனம் வைத்தால் இந்த விழா எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு நான் கண்ட ஒரு காட்சி சாட்சி. கடலோரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒரு சிறுமி ஒலிபெருக்கி முன் வந்து, தன் அப்பா வலையில் வரும் மீன்களின் பெயரை மூச்சு விடாமல் சொன்னாள். நகரை, விளைமீன், பாறை, சீலா, ஊளி, சூடை, கும்புளா, திருக்கை என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை, தானே எழுதி வரைந்த அட்டையை உயர்த்திக் காட்டியது. கூட்டத்தில் இருந்த பாட்டி எழுந்து காரலை விட்டுவிட்டாயே என்று குரல் கொடுத்தார். சிறுமி தயங்கவில்லை; காரல் என்று சேர்த்துச் சொன்னாள். அட்டை இல்லாத அந்த ஒரு மீனுக்காக, வரிசையின் கடைசியில் வெறுங்கையோடு நின்ற பையன் தன் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான். ஊர் எழுந்து கைதட்டியது. பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது என்பதை அங்கே எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். பாட்டிக்குத் தெரிந்ததும் பள்ளிக்குத் தேவைப்படுகிறது என்பதையும் பார்த்தார்கள். அந்த அட்டைகளுக்குச் செலவானது கொஞ்சம் சார்ட் பேப்பரும் கிரேயானும்தான்.

கல்விச் சீர் வேறு வகை. தாய்மாமன் வீட்டுச் சீர் போலத் தட்டு வரிசை, மேளதாளம், ஊர்வலம். தட்டில் நோட்டு, பென்சில், உலக உருண்டை, அகராதி. பின்னால் வண்டியில் நாற்காலி, மின்விசிறி, பீரோ, குடிநீர்த் தொட்டி. ஊரே பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக நிற்கிறது. கொடுத்த பொருள் பள்ளியிலேயே தங்குகிறது. அங்கி மறுநாளே வாடகைக் கடைக்குத் திரும்பிவிடும். செலவின் பயனைப் பார்த்தால் இதற்கு நிகர் எதுவும் இல்லை. கோயில் கமிட்டியும் பள்ளிவாசல் ஜமாத்தும் மாதா கோயில் பங்கு மக்களும் ஒரே பள்ளிக்குத் தட்டு எடுத்து வரும் வாய்ப்பும் இதில்தான் இருக்கிறது.

எனக்குள்ள தயக்கம் இரண்டு. அரசு வாங்கித் தரவேண்டிய மேசை நாற்காலியை, தடைக்காலத்தில் நிவாரணம் வாங்கும் மக்களிடம் எதிர்பார்ப்பது சரியா? சீர் வந்துவிட்டதே என்று அதிகாரிகள் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, இந்த விழாவில் பிள்ளை பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கிறது. அதனால் கல்விச் சீரைத் தனியாக நடத்தாமல் ஆண்டு விழா மாலையிலேயே சேர்த்து நடத்துவது நல்லது. தட்டுகளை வாங்கி வைப்பவர்கள் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

பழைய வழக்கங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது, பள்ளிவாசலில் பிள்ளையை ஓதப் போடுவது, பிறகு குர்ஆன் முடித்ததும் வீட்டில் இனிப்பு கொடுப்பது, தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் முதல் நற்கருணைக்கு வெள்ளை உடுத்திப் போவது. இவை அவரவர் வீட்டுக்கும் நம்பிக்கைக்கும் உரியவை. பள்ளி இவற்றை எடுத்து நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: அரிசியில் பிள்ளையின் விரல்தான் எழுதுகிறது, ஓதுவது பிள்ளையின் நாக்குதான். நம் பெரியவர்கள் சடங்கு வைத்த இடத்தில் பிள்ளைக்கு ஒரு வேலையும் வைத்திருந்தார்கள்.

ஆகவே, தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள பெற்றோருக்கு என் பரிந்துரை ஆண்டு விழா, அதோடு சேர்ந்த கல்விச் சீர். தனியார் பள்ளியில் அங்கி விழா நடந்தே தீரும் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பு நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போய்த் தாளாளரைப் பாருங்கள். ஒருவராகப் போனால் ‘உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை’ என்பார்கள். மண்டபம் வேண்டாம், வகுப்பறையோ வளாகமோ போதும் என்று கேளுங்கள். அங்கியைப் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டட்டும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கு அந்தப் படம் போதும். மேடையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது வாசிக்கட்டும், தன் பெயரையாவது பலகையில் எழுதட்டும். சுருளில் ஆசிரியை தன் கையால் அந்தப் பிள்ளையைப் பற்றி நான்கு வரி எழுதித் தரட்டும், அது பிள்ளையிடமே இருக்கட்டும்.

தேதியையும் பேசுங்கள். பள்ளிகளுக்குச் சனிக்கிழமைதான் வசதி. ராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் சனிக்கிழமையும் ஒன்று. அன்று போனவர்கள் ஞாயிறு காலைதான் கரை திரும்புகிறார்கள். சனிக்கிழமை விழா வைத்தால் அப்பாக்களின் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். மீனை ஏலம் விட்டு, குளித்து, கொஞ்சம் தூங்கி எழுந்து அவர்கள் வந்துவிடுவார்கள்.